பாதியாகப் பிரிந்த ரயில்

ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும், நானாக வழி கண்டுபிடித்துப் போன இடம் என்று எதுவும் இல்லை. மண்ணூரில் ஹாஸ்டல் வாசலில் கம்பெனி பஸ் ஏறுவேன், தூங்குவேன், கேட்டில் இறங்குவேன். அப்படிப்பட்ட என்னைத்தான் புது மெஷினுக்குப் பயிற்சி என்று ஒன்றரை மாதம் போலந்துக்கு அனுப்பினார்கள். கூட வந்தது, என் லைனில் சீனியரான குன்றத்தூர் அக்கா.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து நகரத்து சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வரலாம் என்றாள் அக்கா. ரயிலில் போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது ஒரு ஸ்டேஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து முன்பக்கம் போனார்கள்.

"நாமளும் போவமாக்கா?"

"நம்ம ஊரு இன்னும் வரலடி. உக்காரு."

ஜன்னல் வழியே பார்த்தேன். முன்னால் இருந்த பெட்டிகள் மட்டும் கழன்று வளைந்து போய்க்கொண்டிருந்தன. எங்கள் பாதி அசையவில்லை. பிறகு அதுவும் கிளம்பியது, வேறு பக்கமாக. எங்கள் ஊருக்குப் போவது அந்த முன்பாதிதான் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஸ்டேஷனில் குதிக்காத குறையாக இறங்கினோம். பனி கொட்டியது. குளிரில் என் போன் அணைந்துவிட்டது. அக்கா போனில் நெட் கிடையாது. எதிரே நின்ற பஸ் டிரைவரிடம் நாங்கள் தங்கியிருந்த ஊரின் பெயரை விதவிதமாக உச்சரித்துக் காட்டினேன். கடைசியில் தலையாட்டினார். ஏறிக்கொண்டோம்.

அங்கே பட்டனை அமுக்கினால்தான் பஸ் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெயர்ப்பலகை கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்தபோது இருவரும் கத்தினோம். டிரைவருக்குப் புரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, திரும்பிப் போகும் பஸ் இனி இல்லை என்று கையை ஆட்டினார். வந்த ரோட்டிலேயே நடந்தோம். சாயங்காலம்தான், ஆனாலும் இருட்டிவிட்டது. இருபுறமும் வெறும் வயல்.

ஒரு கார் எங்களைத் தாண்டிப் போய் நின்றது. தாடிக்காரர் ஒருவர், தனியாள், இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"வேண்டாங்கா, ஏறாதீங்க."

"இங்கயே நின்னா வெறச்சிப் பூடுவோம். ஏறுடி. நான் கீறேன்ல."

ஏறியதும் கதவுகள் டக்கென்று பூட்டிக்கொண்டன. கார் ரோட்டை விட்டுப் பிரிந்து மரங்களுக்குள் நுழைந்தது. நான் அழ ஆரம்பித்தேன். எதற்கும் அசராத அக்கா சத்தமாக ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். அவளும் பயந்துவிட்டாள் என்று தெரிந்ததும் நான் கதவைத் தட்டிக் கத்தினேன். அந்த ஆள் கண்ணாடியில் எங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார்.

கார் நின்ற இடம் போலீஸ் ஸ்டேஷன்.

அவர் ஓடிப்போய் ஒரு பெண் போலீசை அழைத்து வந்தார். பாஸ்போர்ட் கேட்டார்கள். அது ரூமில் இருந்தது. எங்களை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அக்கா பையைக் கொட்டிக் கம்பெனி அடையாள அட்டையைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்துக் கம்பெனிக்குப் போன் செய்தார்கள்.

அந்த ஊர் சூப்பர்வைசர் வந்து, ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் அழுததையும் கத்தியதையும் பார்த்து, யாரோ எங்களைக் கடத்தி வந்து ரோட்டில் விட்டுவிட்டார்கள் என்று அந்த மனிதர் நடுங்கிப்போயிருக்கிறார். அவர் அதுவரை போகாமல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். நன்றிக்கு அவர்கள் மொழியில் என்ன வார்த்தை என்றுகூட நாங்கள் கற்றிருக்கவில்லை. அக்கா கைகூப்பினாள்.

அடுத்த ஞாயிறு அக்கா மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டாள். "இன்னாடி, வரியா?"

தலைவலி என்றேன். அவள் தெருமுனையில் மறையும்வரை ஜன்னலில் நின்றேன். இருட்டியது. போன் செய்தேன், எடுக்கவில்லை. சோறு வடித்தும் தொடவில்லை. கதவு தட்டப்பட்டபோது பன் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, சீனியர் என்றும் பாராமல் கத்தினேன். "போனை எடுத்தா என்னக்கா? செத்தா போயிட்டீங்க?"

அவள் ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்தாள். மிச்சமிருந்த ஞாயிறுகளிலும் அவள் போய்வந்தாள். நான் ஒருநாளும் போகவில்லை.