வருடம் பிறக்கும்போது அழக்கூடாது

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் மாடி நடையில் வினிகரும் பூண்டும் ஏதோ ஒரு ஊதாப் பூவும் கலந்த நெடி எதிர்வீட்டிலிருந்து வந்து மூக்கில் ஏறும். ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியிருந்த காலம் அது. எதிர்வீடு பரீசா ‘காலே’யுடையது, பாரசீகத்தில் அப்படியென்றால் சித்தி. அவர் கணவர் ரஹீம் மாமா மரத்தாலான சரக்கு ‘லாஞ்ச்’ ஓட்டினார். குளச்சல்காரரான என் அப்பா அத்தகைய லாஞ்ச்களுக்கு இன்ஜின் பழுதுபார்த்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸ் அன்று காலையில், புதிதாகப் பூட்டிய இன்ஜினை ஓட்டிப் பார்க்க இருவரும் கடலுக்குள் போனார்கள். சூரியக் கணக்குப்படி அவர்களுக்கு வருடம் பிறக்கும் நொடி ஆண்டுதோறும் மாறும். அந்த முறை பிற்பகலில் பிறக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனவர்கள் வரவில்லை. ‘ஷமால்’ எனும் வடகாற்று கிளம்பி மணலை ஜன்னலில் வாரி அடித்தது. இருவருடைய போனும் அணைந்து கிடந்தது. ரோந்துப் படகு தேடப் போயிருக்கிறது என்று மட்டும் பட்டறையிலிருந்து சொன்னார்கள்.

நர்ஸான அம்மா டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு ஜெபமாலையோடு அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள். காலே வந்து எங்களைப் பண்டிகை மேசைக்குக் கூப்பிட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஆம்பிளைய ரெண்டு பேரும் கடல்ல கெடக்காவ. இவளுக்கு மேசை சோடிக்க எப்பிடி மனசு வருது?” என்றாள் என்னிடம்.

ஆனாலும் போனோம். பாரசீகத்தில் ‘சீன்’ என்ற எழுத்தில் பெயர் தொடங்கும் ஏழு பொருட்களை, தட்டில் முளைவிட்ட கோதுமை நாற்று, ஆப்பிள், பூண்டு, வினிகர் என்று வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் கண்ணாடியும் தங்கமீனும். மெழுகுவர்த்தி ஏற்றப் போன காலேயின் விரல்களில் தீக்குச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடிவதை அப்போதுதான் அம்மா பார்த்தாள். தீப்பெட்டியை வாங்கி அவளே ஏற்றினாள்.

வருடம் பிறக்கும் நொடியில் எப்படி இருக்கிறோமோ அப்படியே வருடம் முழுக்க இருப்போம் என்பது அவர்கள் நம்பிக்கை. அம்மாவின் கண் நிறைந்ததைக் கண்டதும் காலே அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து, “மத் ரோ, சிஸ்டர், அபி மத் ரோ” என்று கொச்சை இந்தியில், இப்போது அழாதே என்று கெஞ்சினார். வருடம் பிறந்ததென்று டிவியில் பீரங்கி முழங்கியது. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. காலே என் வாயில் ஒரு இனிப்பை வைத்தார்.

வெகுநேரம் கழித்து அம்மாவின் போன் அடித்தது. யாருடைய போனிலிருந்தோ அப்பா. “கரை பிடிச்சாச்சு. ரஹீமுக்குக் கையில அடி, வேற ஒண்ணுமில்ல. அவகிட்டச் சொல்லு.” அம்மா போனை நெஞ்சோடு அழுத்திக் கண்ணை மூடினாள். காலேயின் முகம் வெளுத்துப்போனது.

“ஜிந்தா! தோனோ ஜிந்தா!” இருவரும் உயிரோடிருக்கிறார்கள் என்று அம்மா கத்திய பிறகுதான் காலே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அம்மாவும் அவர் பக்கத்தில் சரிந்தாள்.

அந்தக் கட்டிடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. ரஹீம் மாமா லாஞ்சை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஈரானிலுள்ள பந்தர் லெங்கேவுக்குத் திரும்பினார். அவர்கள் தந்துவிட்டுப் போன எண் சில வருடங்களில் செத்துப்போனது. நான் துபாயில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் குளச்சலிலிருந்து அம்மா போனில் கேட்பாள்: “பரீசாவுக்கு வருசம் பொறந்தாச்சா, மக்ளே?”

நேரம் பார்த்து, பொறந்தாச்சு என்பேன். காலேயைப் பற்றி அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.