வெங்கடாசலத்துக்கு வைத்த மச்சம்

காணை கிராமத்துக் கெங்கம்மாள் போட்டோ ஸ்டூடியோ ராஜாமணிக்கு எண்பது ரூபாய் பாக்கி. நூறு பேசி இருபது கொடுத்தவள், படத்தைப் பார்த்ததும் அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். 1985-ல் எண்பது ரூபாய் என்றால் சும்மா இல்லை.

விழுப்புரத்தில் ஸ்டூடியோ வைத்தவன் எவனும் ராஜாமணி பக்கத்தில் நிற்க முடியாது. படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் பிரஷ்ஷைத் தொட்டால் செத்தவன் எழுந்து உட்காருவான். கெங்கம்மாளின் புருஷன் வெங்கடாசலம் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தவர். வருஷப் படையலுக்குப் படம் வேண்டும். அவர் ஜாடையிலிருந்த தம்பி தேவநாதனை உட்காரவைத்து எடுத்து, மீசையைப் பெரிசாக்கி, தலையை நரைக்கவைத்து, பிரேமும் போட்டார் ராஜாமணி.

"அய்யய்யோ, இது எங்க கொழுந்தனாரு! உசுரோட நடமாடிக்கினு இருக்கற மனுசனுக்கு மாலை போடச் சொல்றியாண்ணே? என் ஓரகத்தி வெளக்கமாத்த எடுத்துக்கினு வருவா!" என்று கத்திவிட்டுத்தான் போனாள் கெங்கம்மாள்.

படையலுக்கு ஆறே நாள்.

மறுநாள், திண்டிவனத்துக் காலேஜ் வாத்தியார் சாந்திநாதன் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். கையில் புதுச்சேரியில் வாங்கின பிரெஞ்சுப் புத்தகம்.

"மூணு மாசமா இதோட மல்லுக்கட்டறேன் ராஜாமணி, ஒரே பேஜாரு. அசலே இல்லாம நகல் வரும்ங்கறான் இத எழுதினவன். அப்புறம் நகலத்தான் ஜனங்க நிஜம்னு புடிச்சுக்குவாங்களாம். அது எப்பிடி?"

"இதுக்கா சார் மூணு மாசம்? இத பாருங்க." படத்தை எடுத்து வைத்துக் கதையைச் சொன்னார்.

வாத்தியார் உற்றுப் பார்த்தார். "இதுக்குத்தான் அசல் இருக்குதே. தேவநாதன் தெரியறவரைக்கும் இது அவரு படந்தான்."

"அங்கதான் சார் கோட்டை விட்டேன்!"

நாலு நாள் டச்சிங். நெற்றியை அகலமாக்கினார், காதைக் கீழே இறக்கினார். அப்படியும் படத்துக்குள்ளிருந்து தேவநாதன் எட்டிப் பார்த்தான். கடைசியில் இடது தாடையோரம் ஒரு மச்சம் வைத்தார். அது தேவநாதனுக்குக் கிடையாது. வெங்கடாசலத்துக்கு உண்டா என்று யாரையும் கேட்கவுமில்லை.

ராஜாமணி சொல்லியனுப்ப, படையலுக்கு முந்தின நாள் கொழுந்தனும் அண்ணியும் வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் தேவநாதன், "அண்ணே!" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

கெங்கம்மாளின் விரல் மச்சத்துக்குப் போனது.

"நானே மறந்துட்டேனே, பாவி! தலைய சாய்ச்சாத்தான் தெரியும். இல்ல கொழுந்தனாரே?"

"ஆமா அண்ணி. எங்கம்மாவுக்கும் அங்கதான்."

அது என் கைவேலை என்று சொல்ல ராஜாமணிக்கு நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

கெங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, விரித்த உள்ளங்கையில் வைத்தாள். எட்டு.