பாய்லர் அருகே பூட்டிய கறைநீக்கி

சலவைக் கடைக்காரருக்குத் தெரு வைத்த பெயர் மோப்பம். துணியை முகர்ந்தே எந்த வீட்டு அழுக்கென்று சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் முகர்வார். தன் நிழலையே எதற்குப் பின்னால் வருகிறாய் என்று கேட்கக்கூடியவர்.

ஆஸ்பத்திரி விரிப்புகளின் ரத்தக் கறைக்கு நொதி (என்சைம்) கலந்த கறைநீக்கி வாங்கி வைத்திருந்தார். குளிர்காலம் வந்ததும் ஊறவைக்கும் தொட்டியில் கறை அசைய மறுத்தது. குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிற குளிரில் இருந்தது, நொதிக்கும் சோம்பல். மோப்பத்துக்கு அது தோன்றவில்லை. தொட்டி வேலையைப் பார்த்தவன் மனைவியின் தம்பி. திடீரென்று தினமும் ஒரு பிளாஸ்கோடு வேறு வர ஆரம்பித்திருந்தான். கறைநீக்கியைக் கடத்தத்தானே?

டப்பாவை பாய்லரை ஒட்டிய இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில் ஏறியது. ஒரு வாரத்தில் கறை முன்னைவிடப் பிடிவாதமானது.

"பூட்டியும் எடுக்கிறான்னா கள்ளச்சாவி போட்டிருக்கான்," என்றார் மனைவியிடம்.

"உங்க இடுப்புச் சாவிக்கா? நீங்க தூங்கும்போதே ஒரு கண்ணு முழிச்சிருக்குமே."

"திங்கக்கிழமையிலேருந்து அவன் வரவேண்டாம்."

தம்பிக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது.

மறுநாள் மனைவியைச் சாட்சி வைத்துக்கொண்டு பிளாஸ்கைத் திறக்கச் சொன்னார். முகர்ந்தார். வெறும் வெந்நீர்.

"தொட்டித் தண்ணி ஜில்லுனு இருக்கு அத்தான். வெதுவெதுன்னு ஆக்கினா மருந்து சுறுசுறுப்பா வேலை செய்யும். பாய்லர் வெந்நீரத் தொட்டா நீங்க விடமாட்டீங்க. அதான் வீட்லேருந்து கொண்டாறேன்."

"அப்புறம் ஏன் கறை போகல?"

"அலமாரியத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். கையை வெடுக்கென்று இழுத்தார்.

"இதமான சூடு அதுக்குத் தெம்பு. இந்தச் சூட்டுல செத்துரும். அப்புறம் ஆறவெச்சாலும் எந்திரிக்காது. சூடான எடத்துல வைக்காதீங்கன்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

"அது விக்கிறவன் போட்டது. அவன யாரு நம்புவா?"

ஆனாலும் புது டப்பா வாங்கினார். ஒரே வெதுவெதுப்பில் இரண்டு வாளி, ஒரே விரிப்பைக் கிழித்த இரண்டு துண்டு. புது மருந்தில் கறை மெல்ல மெல்லக் கரைந்து போனது. அலமாரி மருந்தில் கறை, வந்த விருந்தாளி மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. திருடனைப் பிடிக்கப் போட்ட பூட்டுதான் களவாணி.

மோப்பம் தொண்டையைச் செருமிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர், சாவியைக் கழற்றி நீட்டினார். "திங்கக்கிழமை சீக்கிரம் வந்துரு. டப்பா இனி உன் பொறுப்பு."

"சாவி எதுக்கு அத்தான்? நிழலா ஒரு எடத்துல சும்மா வெச்சா போதும்," என்று சிரித்துவிட்டு அவன் தொட்டிப் பக்கம் போனான்.

அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்த மோப்பம் மனைவி பக்கம் குனிந்தார்.

"சாவி வேணாங்கிறானே, ஏன்?"