விலை போடாத மெனு

அந்தக் கடையில் அவரை எல்லோரும் மஞ்சளண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய மளிகைக் கடை. காலையில் அலமாரிகளில் விலைச்சீட்டு மாற்றுவது அவர் வேலை. மாலையில், மறுநாளோடு தேதி முடிகிற ரொட்டி, பால், முட்டை, வெட்டி வைத்த மீன் இவற்றின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவார். மஞ்சள் விழுந்தால் பாதி விலை.

பொழுது சாயும்போது அவருக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடும். அவருக்காகத்தான் நிற்கிறோம் என்று யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் சோப்பை முகர்ந்துகொண்டிருப்பார். இன்னொருவர் வாங்கப்போகாத தேன் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அவர் சீட்டு ஒட்டும் மெஷினைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரொட்டி ஞாபகம் வரும்.

"அண்ணே, அந்த மீனுக்கு இன்னிக்கு உண்டா?"

"அதுக்கு நாளன்னிக்கு வரைக்கும் ஆயுசு இருக்கும்மா. ஆயுசு இருக்கிறதை நான் தொட மாட்டேன்."

"எமன்கூட உங்க அளவுக்குக் கணக்குப் பாக்க மாட்டான்."

அவர் சிரிக்காமல் அடுத்த அலமாரிக்கு நகர்வார். கூட்டமும் சோப்பை வைத்துவிட்டு நகரும்.

மஞ்சள் ஒட்டிய பொருளை ஊழியர்களும் வாங்கலாம், ஆனால் வாடிக்கையாளர்கள் எடுத்தது போக மிஞ்சியதைத்தான் வாங்க வேண்டும். அவர் அந்த விதியை மீறியதில்லை. நேர்மை என்று இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மீறுவதற்கு ஓர் ஆசை வேண்டும். அவருக்கு இன்னது வேண்டும் என்ற ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. மிஞ்சியது எதுவோ அதுதான் அவர் வீட்டுச் சமையல். அவர் மனைவி கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு மஞ்சள் என்ன?" என்பதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வீட்டில் என்ன சாப்பாடு என்று டீச்சர் கேட்டபோது, மகள் "மஞ்சள்" என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் பயந்துபோய் ஆளனுப்பினார்.

வருஷத்துக்கு ஒரு முறை, கல்யாண நாளன்று, மூன்று பேரும் ஹோட்டலுக்குப் போவார்கள். நல்ல மேசைவிரிப்பு போட்ட, நடுத்தரமான ஹோட்டல். அங்கே மெனுவை அவர் வலது ஓரத்திலிருந்து படிப்பார். முதலில் விலை, பிறகு பெயர். எந்த விலை சரியோ அதுவே அவருக்குப் பிடித்த பதார்த்தம். ஒருமுறை மனைவிக்குப் பொறுக்கவில்லை. விலை இருந்த பக்கத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இப்போ சொல்லுங்க. எது வேணும்?"

"கையை எடு. எழுத்தை மறைக்குது."

"எழுத்தை மறைக்கலை. விலையைத்தான் மறைக்குது. சொல்லுங்க."

அவர் அவளுடைய சுண்டுவிரலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். மகள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதுவே விளையாட்டானது. மனைவி மூடுவாள், அவர் விரலைத் தூக்குவார். "உங்க நாக்குல சீட்டு ஒட்டியிருக்கு" என்பாள். ஒரு வருஷம்கூட அவர் விரலைத் தூக்காமல் பதில் சொன்னதில்லை.

மனைவி இறந்தபோது மகள் கல்யாணமாகி அதே ஊரில் வேறு பகுதியில் இருந்தாள். காரியங்கள் முடிந்ததும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"எங்களோட வந்துடுங்கப்பா. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

"எதுக்கும்மா உங்களுக்கு வீண் செலவு."

இன்னொரு தடவை கேட்டிருந்தால் வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவள் அந்த வீட்டில் வளர்ந்தவள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பழகியவள். அவள் மறுபடி கேட்கவில்லை.

ஓர் ஆளுக்குச் செலவு குறையும் என்று அவர் நினைத்திருந்தார். விலைச்சீட்டு ஒட்டுகிறவரே அப்படி நினைத்தது வேடிக்கைதான். எந்தப் பொருளும் சின்ன பாக்கெட்டில்தான் விலை அதிகம் என்பது அவருக்குத் தெரியாததா? பெரிய ரொட்டி வாங்கினால் பாதியில் பூஞ்சை பிடித்தது. சின்ன ரொட்டி வாங்கினால் மனசு கேட்கவில்லை. ஒரு மீன் துண்டத்துக்கும் எண்ணெய் அதே அளவுதான் காய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வைத்த குழம்பு வாரத்தின் நடுவரைக்கும் வந்தது; ஒவ்வொரு நாளும் அது இன்னும் கொஞ்சம் கெட்டியானது. மஞ்சள் சீட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டு வருவதைக்கூட மெல்ல நிறுத்திவிட்டார். வாசலில் அதைக் கேட்க ஆளில்லை.

தனியாக இருப்பவன் யாரையும் சார்ந்திருப்பதில்லை, அதனால் சுதந்திரமானவன் என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரோ சமைத்துப் போட்டிருக்க வேண்டும்.

இப்படி ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. பிறகு ஒரு நாள் மருமகனுக்குச் சம்பள உயர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பிடலாம் என்று மகள் கூப்பிட்டாள். அவர் அன்றே முடிவு செய்துவிட்டார்: அவள் கேட்கக் காத்திருக்கப் போவதில்லை. "நான் உங்களோட வந்துடட்டுமா?" என்று தானே கேட்டுவிட வேண்டும். மூன்று வார்த்தைதான். முகச்சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர், "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றார்.

ஹோட்டலில் நாற்காலியை யாரோ பின்னால் இழுத்துக் கொடுத்தார்கள். தன் நாற்காலியை எடுத்துப் போகிறார்கள் என்று நினைத்து அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்த பிறகு கனமான அட்டையில் மெனு வந்தது. பழக்கம்போல் வலது ஓரத்துக்குப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. அட்டையைத் திருப்பினார். பின்பக்கமும் இல்லை. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

அவர் வாழ்க்கையில் சீட்டு விழுந்துபோன பொருளை அலமாரியில் விட்டதே கிடையாது. பரிமாறுபவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இதுல விலை விட்டுப்போச்சு. அச்சுல தப்பு. யாராவது பெரிசா எதையாவது சொல்லிட்டு அப்புறம் தகராறு ஆகிடும். உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

"தப்பு இல்ல சார். பணம் கட்டுறவங்க கார்டுல மட்டும்தான் விலை இருக்கும். விருந்தாளிங்க கார்டுல போட மாட்டோம்."

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மருமகன் தன் கார்டைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். அவருக்கு விலை விஷயம் அதோடு மறந்துபோனது. விருந்தாளி என்ற அந்த ஒரு சொல் மட்டும் காதில் நின்றது. அது அவரைத்தான் சொன்னது.

"உங்களுக்கு எது பிடிக்கும்பா? அதைச் சொல்லுங்க."

மறுபடி படித்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. எல்லாப் பெயரும் ஒரே மாதிரி இருந்தன. எது பிடிக்கும்? அறுபது வயது தாண்டிய ஒருவருக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. இதைச் சிக்கனத்தின் பெருமையாக நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலை அவருக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. அவருக்கு எது வேண்டும் என்பதை அவருக்காக அதுவே சொல்லிவந்திருக்கிறது.

"நீ என்ன சாப்பிடுறியோ அதையே சொல்லும்மா" என்றார்.

சூப் வந்தது. அது முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று இருந்தார். கரண்டியைக் கீழே வைத்துத் தொண்டையைச் செருமினார். மருமகனும் அதே நேரத்தில் செருமினான்.

"நீங்க சொல்லுங்க மாமா."

"இல்ல மாப்ள, நீங்க முதல்ல சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மாமா. அம்மாவை எங்களோட கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கோம். அவங்களும் அங்க தனியாத்தான் இருக்காங்க. அந்த ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. அடுத்த மாசம் வந்துடுவாங்க."

அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைச் சரியாக அது முன்பு இருந்த ஈர வட்டத்தின் மேலேயே வைத்தார்.

"நல்ல காரியம் மாப்ள. இந்த வயசுல தனியா இருக்கக் கூடாது."

"நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்களேப்பா" என்றாள் மகள்.

"ஆமாமா. எனக்கென்ன. கடை பக்கத்துல, வீடு பக்கத்துல. நீங்க ஏதோ பெயின்ட்னு சொன்னீங்களே, என்ன கலர்?"

"மஞ்சள்" என்றான் மருமகன். பிறகு தானே சிரித்தான். அவரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

மீன் வந்தது. நன்றாக இருந்தது என்று அவர் பல முறை சொன்னார். எது நன்றாக இருந்தது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. தட்டுகளை எடுத்த பிறகு மருமகன் செல்போன் ஒலிக்க எழுந்து வெளியே போனான். பரிமாறுபவர் வந்து அவர் பக்கம் குனிந்தார்.

"வேற ஏதாவது வேணுமா சார்?"

"வேணும்" என்றார் அவர்.

அது எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பரிமாறுபவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை.

"என்னப்பா வேணும்?"

"அது ஒண்ணுமில்லம்மா. ரொட்டி பெரிசா வாங்கினா பாதி வீணாப் போகுது. சின்னது வாங்கினா கட்டுப்படியாகலை. ஒரு ஆளுக்குச் சமைக்கிறதும் ரெண்டு ஆளுக்குச் சமைக்கிறதும் கேஸ் ஒண்ணுதான். அதனால, வாரத்துல ஒரு நாள் நீ வந்து சாப்பிட்டீன்னா, கணக்குப் பாத்தா எனக்கு மிச்சம்தான் ஆகும்..."

மகள் அவருக்கு முன்னால் கிடந்த மெனு அட்டையைப் பார்த்தாள். அதன் வலது ஓரத்தில், ஒன்றுமே அச்சாகாத அந்த இடத்தில், தன் உள்ளங்கையை வைத்தாள்.

"விலையை மூடிட்டேன். இப்போ சொல்லுங்கப்பா."

அம்மாவின் கையைவிடச் சின்னக் கை. விரலைத் தூக்கினாலும் கீழே அவருக்கு உதவ எதுவும் இல்லை. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தனியா சாப்பிட முடியலம்மா."

பரிமாறுபவர் எதையும் எழுதாமல் பேனாவை மூடிக்கொண்டு நகர்ந்தார்.

அவள் கை அட்டையின் மேலேயே இருந்தது. பெயின்ட் அடித்தாகிவிட்டது. வருகிற மனுஷியிடம் வராதே என்று சொல்ல முடியாது. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. மருமகன் திரும்பி வருவதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டு, "புதன்கிழமை சீக்கிரம் கிளம்ப முடியும்னு நினைக்கிறேன்பா. பாக்குறேன்" என்றாள். பில்லை அவர் கண்ணில் காட்டாமல் மருமகன் கட்டினான். அவரும் எவ்வளவு என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் அவருக்கு அது தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் வந்தாள். அடுத்த புதனும் வந்தாள். தட்டை அலம்பிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த வாரம் மருமகனின் அம்மா வந்து இறங்கினார். மகளால் வர முடியவில்லை. இரண்டு பேருக்குச் செய்ததை அவர் வெள்ளிக்கிழமை வரை சாப்பிட்டார். மாலைகளில் எப்போதும்போல் மெஷினோடு நடந்தார், கூட்டம் சோப்பை முகர்ந்தது.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து, மீன் பெரிய பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன மஞ்சளண்ணே, சீட்டே ஒட்டலை? முழு விலை வருது."

"தெரியும். போடு."

"யாரு, விருந்தாளியா?"

"விருந்தாளி இல்ல. என் பொண்ணு."

"போன வாரமும் இதையேதானே வாங்கினீங்க. வந்தாங்களா?"

"வரலை. வீட்டுல ஆள் வந்திருக்காங்க."

"இன்னிக்கு வரேன்னு சொல்லியிருக்காங்களா?"

"பாக்குறேன்னு சொல்லியிருக்கா."

"அப்போ சின்ன பாக்கெட்டே எடுத்திருக்கலாம்லண்ணே. வீணாப் போகாது."

அவர் பணத்தை எடுத்து வைத்தார்.

"அவ வந்துட்டான்னா?"