உப்புப் போட்ட ஜப்பான் சாப்

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலில் இறங்குமுன் தேவதாஸ் செய்கிற முதல் வேலை, மஞ்சள்தூள் டப்பாவை ஒளித்துவைப்பது. குளிர்பெட்டியின் தலைமேல் வைப்பார், விபூதித் தட்டுக்குப் பின்னால் வைப்பார், ஒருமுறை காருக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்.

"இறைச்சியக் கண்டா ஒன் கை சும்மா இருக்காது லா" என்று மனைவியைச் சீண்டுவார்.

புஷ்பவள்ளியும் விடமாட்டாள். "மஞ்சள் போட்டுக் கழுவாத பன்னியத் திங்கிறது நீங்களும் ஒங்க ஜப்பான்காரரும்தான்."

ஜப்பான்காரர் என்றால் மோரி. புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் தேவதாஸ் லைன் லீடராக இருந்தபோது வந்த இன்ஜினியர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருந்த மனிதர். ஒருநாள் தேவதாஸைத் தன் வீட்டுக்கு அழைத்து, பன்றி இறைச்சித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துக் கொடுத்தார். கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்ட லயத்தில் வளர்ந்த தேவதாஸுக்குப் பன்றி என்றால் செம்பனைக் காட்டில் சுட்ட காட்டுப்பன்றிதான். மிளகும் மிளகாயும் அள்ளிப் போட்டு, கண்ணில் நீர் வரத் தின்பது. இப்படி ஒரு சாதுவான பன்றியை அவர் அதுவரை பார்த்ததில்லை. அதுவரை தேநீர்கூடக் கலக்கத் தெரியாதவர், வீட்டுக்கு வந்து, "நாளைக்கு நான் சமைக்கிறேன்" என்றார். புஷ்பவள்ளி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முதல் தடவை கரிந்தது. அடுத்த தடவை ரொட்டித்தூள் தனியாக, கறி தனியாகக் கழன்றது. பிறகு கை படிந்துவிட்டது. கொழுப்போரத்தை நாலைந்து இடத்தில் கீறிவிடுவார், பொரியும்போது சுருளாமல் இருக்க. காலி ஸ்டவுட் பீர் போத்தலால் மெல்லத் தட்டுவார். உப்பு, வெள்ளை மிளகுத்தூள். மாவு, முட்டை, பிறகு காயவைத்து உதிர்த்த ரொட்டி. எண்ணெயின் தடித்த சத்தம் மெலிந்ததும் எடுத்து, சற்று ஆறவிட்டு, கத்தியால் குறுக்கே அரிவார். அந்தச் 'சரக்' சத்தத்துக்கு மகள் நித்தியா எந்த அறையில் இருந்தாலும் வந்துவிடுவாள். கடையில் பொரித்த கோழித் துண்டைக் கோழிச் சாப் என்று தின்று பழகிய வீடு, அதனால் இதற்கு ஜப்பான் சாப் என்று பெயர் வைத்தாள்.

தேவதாஸுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் தொடங்கியபின் டாக்டர் உப்பைக் கட்டோடு நிறுத்தச் சொன்னார். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. ஆனால் உப்புச் சாடி புஷ்பவள்ளியின் பொறுப்புக்கு வந்தது. அவர் மஞ்சளை ஒளித்தார், இவள் உப்பை ஒளித்தாள். மற்றத் துண்டுகளுக்கு உப்புத் தடவி, அவருடைய துண்டை மட்டும் உப்பில்லாமல் தனியே வைப்பாள். அதைக் கடித்துவிட்டு, "அட்டையைத் திங்கிற மாதிரி இருக்கு" என்பார். ஆனாலும் மிச்சம் வைக்கமாட்டார்.

கடைசியாக மருத்துவமனையில் கேட்டதும் அதுதான். "ஒண்ணே ஒண்ணு. உப்புப் போட்டு."

"வீட்டுக்கு வாங்க, போட்டுத் தரேன்" என்றாள். அவர் வரவில்லை.

ஆகவே முதலாண்டுப் படையலுக்கு என்ன வைப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மற்றது எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், இலையில் உப்புப் போட்ட சாப் ஒன்று இருக்கவேண்டும்.

தேவதாஸின் அண்ணன் ஐயாவு, பாசிர் பெனம்பாங்கில் வாங்கிய இறாலோடு காலையிலேயே வந்துவிட்டார். "படையல்ல எதுக்கும்மா ஜப்பான்காரன் சாப்பாடு? நம்ம பெரட்டலா செஞ்சா ஆகாதா?"

"அவரு வந்து பெரட்டல் கேட்டா ஒங்க வீட்டுக்கு அனுப்புறேன் மாமா."

அடுப்படியில் புஷ்பவள்ளி நான்கு துண்டுகளைத் தட்டில் பரப்பினாள். கீறினாள், தட்டினாள். மனம் எங்கோ இருந்தது. நித்தியாவின் அலறல் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள்.

"அம்மா! மஞ்சள்!"

டப்பாவை ஒளித்துவைக்க ஆளில்லாத வீடு. மஞ்சளும் உப்புமாக மூன்று துண்டுகளுக்குப் பூசி முடித்திருந்தது கை.

"கழுவிப் பாக்கலாமா?"

"மஞ்சள் கழுவுனா போகுமாடி? ஒண்ணு தப்பிச்சுச்சு, அது அப்பாவுக்கு. மத்தது நமக்கு." தப்பித்த துண்டை அவசரமாகத் தனியே எடுத்து வைத்தாள். நித்தியா மிளகுத்தூள் தூவினாள். மாவு, முட்டை, ரொட்டித்தூள். படையல் சமையலை முன்கூட்டி ருசி பார்க்கக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சத்தத்தை நம்பித்தான் பொரித்தாள். இத்தனை வருஷம் காதால் கேட்டிருந்த சமையல் அது. அரிந்தபோது 'சரக்' என்றது. நித்தியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படத்துக்குமுன் வாழையிலையில் சோறு, இறால், முட்டை, ஒரு கிளாஸ் ஸ்டவுட், நடுவில் மஞ்சள் படாத சாப். கற்பூரம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி, சற்று நேரம் எல்லாரும் வெளியே நின்றார்கள். பிறகு உள்ளே வந்து, படைத்த இலையிலிருந்து ஆளுக்கொரு வாய் எடுத்தார்கள்.

புஷ்பவள்ளி மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"உப்பில்ல."

அவருடைய துண்டைத் தனியே வைத்த கை, அவர் டயாலிசிஸில் இருந்த இரண்டு வருஷமும் செய்ததையே செய்திருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானே கேட்டாரு" என்றாள். "அதையும் அட்டையாக்கி வச்சிட்டேன்டி."

ஐயாவு தொண்டையைச் செருமினார். அவர் கையில் நித்தியா கொடுத்திருந்த மஞ்சள் சாப் பாதி கடிபட்டிருந்தது. "இதுல உப்பு சரியா இருக்கும்மா. ருசியாவும் இருக்கு. ஆனா ஒரு தடவை படைச்சதுக்கு மேல மறுபடி வைக்கக்கூடாதே…"

"வழக்கப்படி ருசி பாக்காமச் செஞ்ச லட்சணம்தான் மாமா இது." எழுந்து அடுப்படிக்குப் போனாள். மஞ்சள் பூசிப் பொரித்த துண்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை அரிந்து, கொழுப்போரம் கலையாமல் அடுக்கி எடுத்துவந்தாள்.

"அம்மா, அது மஞ்சள்மா. அப்பா கத்துவாரு."

"கத்தட்டும்" என்றாள் புஷ்பவள்ளி. "ஒரு வருஷமாச்சு, அவரு கத்தி."

இலையில் வைத்தாள். ஐயாவு ஸ்டவுட் கிளாஸைச் சாப் பக்கமாக நகர்த்தி வைத்தார். நித்தியா இன்னொரு கற்பூரம் ஏற்றினாள். மூவரும் வெளியே வந்து, மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்கள்.