என் காலுக்காக ஜெபிக்க வேண்டாம் என்றேன்

வேலை கிடைக்காத கவலை பலருக்கும் தெரிந்ததுதான். என் கவலை அதற்கும் முந்தியது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்கக்கூட யாரும் தயாராக இல்லை. அந்த இருட்டிலிருந்து ஆண்டவர் என்னைத் தூக்கிவிட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

என் பெயர் எஸ்தர். நமுனுகுல மலைப்பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பிறந்ததிலிருந்தே இரண்டு கால்களிலும் பலம் இல்லை. அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தார். அண்ணன் யோவான் முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனார். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தேன், கம்பியூட்டர் படித்தேன். தமிழும் சிங்களமும் தடுமாறாமல் பேசுவேன். காலுக்கும் சேர்த்து வாய் வேலை செய்கிறது என்று அம்மா கிண்டல் பண்ணுவார்.

விண்ணப்பத்தில் சக்கர நாற்காலி என்று எழுதினால் பதிலே வராது. சில இடங்களில் இருந்து போன் எடுப்பார்கள். நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள். படிக்கட்டு இருக்கிறதா என்று நான் கேட்டதும் குரல் மாறிவிடும். சொல்லி அனுப்புகிறோம் என்று வைத்துவிடுவார்கள். ஒரு தடவை பண்டாரவளையில் ஓர் அலுவலகத்தில் வரச் சொன்னார்கள். அண்ணனோடு போனேன். வாசலில் நின்ற காவலாளி என்னையும் நாற்காலியையும் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்து, ஆள் எடுத்தாகிவிட்டது என்றார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. எதற்காக என்னைப் படிக்க வைத்தீர் என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். ஜெபிக்கவே பிடிக்காமல் போனது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும். நான் போனால் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று காலில் கை வைத்து, எழுந்து நடக்க வேண்டும் என்று ஜெபிப்பார்கள். சிறு பிள்ளையில் இருந்தே அப்படித்தான். அவ்வளவு அன்பு. ஜெபம் முடிந்ததும் எல்லோருடைய கண்ணும் என் காலுக்குப் போகும். கால் அசையாது. அவர்கள் முகம் வாடுவதைப் பார்த்து நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

பண்டாரவளை போய் வந்த அந்த வாரமும் பாஸ்டர் ஐயா குனிந்து என் காலில் கை வைத்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

“ஐயா, இனிமே என் காலுக்காக ஜெபிக்க வேணாங்க. ஒரு இன்டவியூ கிடைக்கணும்னு ஜெபிங்க” என்றேன்.

விசுவாசம் குறைந்துபோன பேச்சு என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் ஐயா கையை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“இத்தன வருஷமா இந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு நாம கேக்கவே இல்லியே” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று அவர்கள் ஜெபித்த ஜெபத்தை என்னால் மறக்க முடியாது. ஆண்டவரே, எஸ்தரைக் கேள்வி கேட்க ஆள் அனுப்பும் என்று பெண்கள் அழுது கேட்டார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அடுத்த வாரமே, நான் விண்ணப்பித்திருந்த பதுளை அலுவலகம் ஒன்றில் இருந்து போன் வந்தது. வாடிக்கையாளர்களோடு இரண்டு மொழியிலும் போனில் பேச ஆள் வேண்டுமாம். சக்கர நாற்காலியில் வருவேன் என்று முதலிலேயே சொன்னேன். வாங்க என்றார்கள். குரல் மாறவில்லை.

நேர்முகப் பரீட்சைக்கு முந்தின நாள் கொட்டிய மழையில் தோட்டத்து ரோட்டில் மண்மேடு சரிந்துவிட்டது. ஓட்டோ ஏறி வர வழியில்லை. அண்ணன் ஒருவரால் என்னையும் நாற்காலியையும் சேர்த்துச் சறுக்குப் பாதையில் கொண்டுபோக முடியாது. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற எங்கள் சபை ஆண்கள் மூன்று பேர் கங்காணியிடம் சொல்லிவிட்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அரைப் பேர் போட்டு அரைநாள் சம்பளம் போனால் போகட்டும் தங்கச்சி, இது நாங்க ஜெபிச்ச காரியம் இல்லையா என்றார்கள். அண்ணனோடு சேர்ந்து நாலு பேருமாக நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒருவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனால் அது ஆஸ்பத்திரிக்குத்தான். வேறு எதற்கும் அப்படித் தூக்கியதில்லை. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காமார் என்னைக் கண்டதும் தலையில் கை வைத்து அழத் தொடங்கிவிட்டார்கள். நல்ல சேலை கட்டி, பூ வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து இன்னும் பயந்துபோனார்கள். நான் கையை ஆட்டி, எனக்கு ஒன்றும் இல்லை, இன்டவியூவுக்குப் போகிறேன் என்று வழி முழுக்கக் கத்திக்கொண்டே போனேன்.

பெரிய ரோட்டில் ஓட்டோ பிடித்துப் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தோம். அலுவலகம் கடைவீதியில், ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய ஒடுக்கமான படிக்கட்டு. மழை ஈரம் வேறு. அண்ணன் முதுகில் சுமக்கிறேன் என்றார். அந்த வளைவில் இரண்டு பேரும் விழுந்திருப்போம். மேலே போய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்று அண்ணன் காலெடுத்தபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பண்டாரவளை ஞாபகம். திரும்பிப் போங்கள் என்று இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. படிக்கட்டின் அடியில் கண்ணை மூடி, அப்பா, நான் எப்படியாவது மேலே போகணும் என்று மட்டும் ஜெபித்தேன்.

துணிக்கடை முதலாளி எட்டிப் பார்த்தார். வயதான முஸ்லிம் மனிதர். யாருக்குச் சுகமில்லை என்று கேட்டார். அவரும் அதையே கேட்டார் பாருங்கள். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கடைக்குள் தள்ளிவரச் சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக்கொண்டு அவரே படியேறிப் போனார். என்ன சொல்வாரோ என்று நான் மேலே காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே சொன்னதைப் பிறகுதான் அறிந்தேன்.

“கீழ ஒரு புள்ள வந்திருக்கு. நீங்க கூப்பிட்ட புள்ள. படி ஏற ஏலாது.”

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. முன்னால் சிங்கள அம்மா ஒருவர், அவருக்குப் பின்னால் இரண்டு பேர். மன்னிக்க வேண்டும், படிக்கட்டைப் பற்றி நினைக்கவே இல்லை என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். முதலாளி துணிச்சுருள்களை ஒதுக்கி இடம் பண்ணிக்கொடுத்தார். மேலே ஏற வேண்டும் என்று நான் ஜெபித்தேன். ஆண்டவரோ மேலே இருந்தவர்களைக் கீழே இறக்கிவிட்டார். இதை நான் எப்படிச் சொல்வேன்? நான் பயந்தே போனேன், அவ்வளவு பெரியவர் அவர்.

கோபமாகப் பேசும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்கள். அன்று காலையில் அழுத அக்காமாரை எப்படிச் சமாளித்தேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டார்கள். என் காலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது அந்த அம்மா மட்டும், உங்கள் மேசையை எங்கே போட்டால் வசதி என்று சிங்களத்தில் கேட்டார். கடைக்குள்ளேயே நான் அழுதுவிட்டேன்.

முதலாளி கடைக்குப் பின்னால், படிக்கட்டின் அடிப்பக்கம் கதவு திறக்கும் அறையை விட்டுக்கொடுத்தார். அங்கேதான் இன்றைக்கும் வேலை செய்கிறேன். பதுளையிலேயே அம்மாவோடு சிறிய வீட்டில் இருக்கிறேன். கால் அப்படியேதான் இருக்கிறது. ஜெபம் கேட்கப்பட்டதா என்று யாராவது சந்தேகப்பட்டால் அலுவலகத்துக்கு வந்து என்னைப் பாருங்கள்.

பிரியமானவர்களே, உங்களுக்கு உண்மையில் தேவையானதை அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் சபையில் என்னைப் போல ஒருவர் இருந்தால், என்ன வேண்டும் என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு ஜெபியுங்கள். தூக்குவதற்கும் தோள் கொடுங்கள்.

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு இன்னும் ஆட்கள் எடுத்தார்கள். காலையில் ஓர் இளைஞர் ஊன்றுகோலோடு வந்து படிக்கட்டின் அடியில் நின்றார். மேலே பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். அந்தத் திரும்புதல் எனக்குத் தெரியும். என் அறைக் கதவை அகலத் திறந்தேன்.

“எங்க போறீங்க? இன்டவியூ இங்கதான் நடக்குது, உள்ள வாங்க” என்றேன்.

என் ஆண்டவருக்கே எல்லா மகிமையும்.