பதினாறு நாள் பத்தியம்

எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் சித்தப்பா கிணறு வெட்டத் தொடங்கியபோது நான் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து மண்ணின் வகைகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

கிணறு வெட்டுவது அவர் தொழில். மண்ணூர் சுற்றுவட்டாரத்துக்குப் பம்புசெட்டுகள் வந்துகொண்டிருந்த காலம். ஆழப்படுத்த வேண்டிய கிணறுகளுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று முந்தின வாரம் நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த வாரம் அவர் எதையும் மறக்கவில்லை. தூங்கவும் இல்லை. நாலு நாளாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், கடப்பாரையோடு வந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு தோண்டிவிட்டார்.

தலைமை ஆசிரியர் ஓடிவந்து தடுத்தார். "சார், நீ ஓரமா நில்லு. இருவது அடில தண்ணி. புள்ளிங்க குடிக்கட்டும். என் அண்ணன் புள்ள இங்கதான் படிக்கிறான், தோ பாரு" என்று சித்தப்பா என்னைக் கைகாட்டினார். பள்ளிக்கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'கெணறு'. "டேய் கெணறு, தண்ணி ஊறிச்சா?" என்று கேட்காத பையன் இல்லை. எனக்காகத்தான் அவர் தோண்டினார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் தீரவில்லை.

இது முதல் தடவையும் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்பு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. சித்தி தாய்வீட்டுக்குப் போனவர் வரவேயில்லை. படுத்துக் கிடந்தவரும் கடப்பாரையோடு துள்ளுகிறவரும் ஒரே நோயின் இரண்டு பக்கங்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. படுத்தபோது சித்தி வீட்டார் வைத்த சூனியம் என்றார்கள். துள்ளியபோது பாழுங்கிணற்றில் இருந்த ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது என்றார்கள். அப்பாவின் பெரியப்பா ஒருவரும் இப்படித்தான் பாட்டுப் பாடிக்கொண்டே ஊரைவிட்டுப் போனாராம். அதைச் சொல்லிச் சிரிப்பார்களே தவிர, இதோடு சேர்த்து யோசிக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் தோண்டிய தடவை தலைமை ஆசிரியர் சொன்னதால் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம். ஐந்து வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்புகிற அன்று டாக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீதான் படிக்கிற பையனா? கவனமா கேட்டுக்க. காலைல ஒரு மாத்திரை, ராத்திரி ரெண்டு. தண்ணி நல்லா குடிக்கணும். சாப்பாடு எப்பவும்போல, உப்பைக் குறைக்கக் கூடாது. மாசாமாசம் வந்து ரத்தம் குடுக்கணும்." அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லப்படுவதெல்லாம் உத்தரவுகள்தான். காரணங்கள் மேசைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடும்.

தையும் மாசியும் சித்தப்பா பழைய சித்தப்பாவாக இருந்தார். வேலைக்குப் போனார், தூங்கினார், என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டுக் கேலி செய்தார். அப்பாவுக்குத்தான் நிம்மதி இல்லை.

"நல்லாத்தானே கீறான். இன்னும் எத்தினி நாளிக்கித் துன்றது இத?"

வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்கில் சாப்பிடுவதற்குப் பெயர் மருந்தா என்று அப்பா வாலாஜாபாத் வைத்தியரிடம் போனார். அந்த மனிதரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேருக்கு மஞ்சள்காமாலை இறக்கியவர். வெற்றிலை பாக்கைத் தவிர எதையும் வாங்கமாட்டார். "மாத்திர, கொளத்துல மாதிரி மேலாக்க பாசிய ஒதுக்குது, அவ்ளோதான். அடியில பித்தம் அப்படியே கீது" என்றார். ஒரு சூரணத்தைக் கொடுத்து, நாற்பத்தெட்டு நாள் உப்பும் புளியும் கண்ணில் காட்டக் கூடாது என்றும், மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அப்பா பத்தியத்தை ஏற்றுக்கொண்டார். மாத்திரையை நிறுத்த மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கொடிக்கம்பத்துக் குழியை அவரும் பார்த்தவர்தானே. "ரெண்டும் ஓடட்டும். எது புடிக்குதோ புடிக்கட்டும்" என்றார். தம்பிமேல் அவருக்கு இருந்த பாசம் இரண்டு வைத்தியத்தையும் ஒன்றாக ஓட்டியது. இதை எழுதும்போதுகூட அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நான் சொல்லிப் பார்த்தேன். "உப்பு கொறைக்கக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாருப்பா."

"ஏனாம்?"

எனக்குத் தெரியவில்லை.

"ஏன்னே தெரியாத படிப்பு இன்னா படிப்புடா?" என்று அப்பா சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மாவும் சிரித்தாள். "வாத்தியாரு பெயிலு!" என்று சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். பத்தியத்துக்கு ஆளே அவர்தான்.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. அப்பா என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, பத்தியக் காவலை என்னிடமே ஒப்படைத்தார். மாத்திரையும் சூரணமும் நேரத்துக்குக் கொடுப்பது, உப்பில்லாக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டில் வைப்பது, அக்கம்பக்கத்தில் யாரும் ஊறுகாய் கொடுத்துவிடாமல் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. இந்தப் பரீட்சையில் பெயிலாகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அம்மாவின் உப்புச் சட்டியைக்கூட மச்சில் ஏற்றி வைத்தேன்.

பங்குனி வெயில். கிணற்றுக்குள் அவர் வேர்த்து ஊற்றினார். எட்டாம் நாள் தம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. பத்தாம் நாள் வயிற்றுப்போக்கு. பிறகு மஞ்சளாக வாந்தி. "பாத்தியா, பித்தம் வெளிய போவுது" என்று அப்பா வைத்தியரை மெச்சினார். பன்னிரண்டாம் நாளிலிருந்து வேலைக்குப் போக முடியவில்லை. நடை தள்ளாடியது. சொற்கள் வாய்க்குள்ளேயே புரண்டன.

பதிமூன்றாம் நாள் மத்தியானம் நான் வாசலில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். மடித்த நோட்டுத் தாளில் உப்பும் மிளகாய்த்தூளும் இருந்தன. சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, அதுல ஒரு கல்லு குடுடா."

"கூடாது."

"நாக்கு கேக்கலடா. ஒடம்பு கேக்குது. உள்ள இன்னாவோ பண்ணுது. ஒரே ஒரு கல்லு, ராஜா."

கையை நீட்டினார். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடின. நான் தாளை மடித்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். மிச்ச மாங்காயை அவர் பார்க்கப் பார்க்கத் தின்று முடித்தேன். அப்படிச் செய்ததற்குக் காரணம் பத்தியம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தியம் மட்டும் அல்ல. 'டேய் கெணறு' என்ற கூவலும் என் காதில் இருந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வைத்தியரிடம் போய்க் கேட்டு வந்தார். "நோயி கெளம்பும்போது அப்படித்தான் கேக்குமாம். குடுத்துடாதே."

பதினாறாம் நாள் விடியலில் சித்தப்பாவுக்கு வலிப்பு வந்தது. கண் செருகிவிட்டது. சுங்குவார்சத்திரம் போய் நெல் லாரி ஒன்றை மறித்து, மூட்டைகளின்மேல் கிடத்திக்கொண்டு பட்டணம் போனோம்.

உயிர் பிழைத்தார். அவ்வளவுதான் பிழைத்தது. கையின் நடுக்கமும் நடையின் தள்ளாட்டமும் குழறலும் கடைசிவரை போகவில்லை. குடிப்பழக்கமே இல்லாதவரை ஊர் குடிகாரன் என்றது. எந்தக் கிணற்றிலும் இறங்கவிடவில்லை. டாக்டர்தான் நடந்ததை அப்பாவுக்கு விளக்கினாராம். ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவிடம் மிஞ்சியிருந்தது ஒரு வரிதான்: "அந்த மாத்திரதான் என் தம்பி நரம்ப அறுத்துடுச்சி." மிச்ச மாத்திரைகளை ஏரியில் கொட்டினார். வைத்தியர்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நோய் திரும்பியது. பெங்களூர் ரோட்டில் நின்று லாரிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவை ஒரு லாரி அடித்தது. விதி என்றார்கள். எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கிற காரணம் அது ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்த மாத்திரையின் பக்கம் வந்தது. லித்தியம். அதுவும் ஒரு வகை உப்புதான். உடம்பில் சோற்றுப்பு குறைந்தால் சிறுநீரகம் பதறிப்போய் இருக்கிற உப்பையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எது சோற்றுப்பு, எது லித்தியம் என்று பார்க்காது. வெளியேற வேண்டிய மருந்து உள்ளேயே ஏறி ஏறி விஷமாகிவிடும். வியர்வையும் பேதியும் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஏறும். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்குத்தான். பத்தே வரி. அன்றைக்கு அந்த டாக்டர் இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். பதினோரு வயதில் எனக்குப் புரிந்திருக்கும். 'ஏனாம்?' என்று கேட்ட அப்பாவுக்கும் நான் பதில் சொல்லியிருப்பேன்.

நெல் லாரியில் போன அந்தக் காலையில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். சித்தப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் அதே டாக்டர் வெளியே வந்து, "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதினாறு நாளாக உப்பில்லாப் பத்தியம் என்றார். டாக்டர் நம்பாமல், "சுத்தமா உப்பே இல்லாமலா? யாரும் தெரியாமக்கூடக் குடுக்கலையா?" என்றார்.

"ஒரு கல்லு உள்ள போவல சார். கேட்டுக் கெஞ்சினான், அப்பவும் குடுக்கல. எல்லாம் இவன்தான் பாத்துக்கினான்" என்று அப்பா என் தலையில் கையை வைத்தார்.

டாக்டர் என்னையே பார்த்தார். பரீட்சையில் தேறிவிட்டேன் என்று நினைத்து நான் நிமிர்ந்து நின்றேன்.